வேலை செய்த மாத்திரை

ஜனவரி 9

அன்புள்ள அண்ணா,

இங்கே மூவரும் சுகம். பாப்பாவுக்கு மட்டும் சளி. டாக்டர் வீட்டுக் குழந்தையைத்தான் சளி தேடிப் பிடிக்கும் போலிருக்கிறது. அம்மாவின் முழங்கால் எப்படி? எண்ணெய் தேய்த்தால் போய்விடும் என்று அவள் சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்காதே, எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போ. அண்ணியை மிகவும் கேட்டதாகச் சொல்.

உன்னிடம் ஒன்று கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் கேட்கலாம்தான். ஆனால் இங்கே போன் இருப்பது மேனேஜர் அறையில். நான் பேசினால் பாதி ஆபீஸ் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

எங்கள் சுரங்கத்தில் ஆட்களைக் கூண்டில் ஏற்றிக் கீழே இறக்கும் இயந்திரத்தை இரண்டு பேர் ஆளுக்கொரு ஷிப்டாக ஓட்டுகிறார்கள். மூத்தவருக்குப் பஞ்சு என்று பட்டப்பெயர். அவர் இறக்கினால் கூண்டு அடியில் பஞ்சு விழுந்த மாதிரி சத்தமில்லாமல் உட்காரும். மழைக்காலத்தில் ஒரு நாள் பிரேக் இறுகி, கைப்பிடி எகிறி அவர் நெற்றிப்பொட்டில் அடித்துவிட்டது. கூண்டு சறுக்கிப் பாதி வழியில் நின்றது. ஆட்கள் பிழைத்தது பெரிய காரியம். தையல் போட்டவள் நான்தான். காயம் ஆறிவிட்டது, மனிதர் ஆறவில்லை. இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாலே வேர்த்துக் கொட்டி, கை நடுங்குகிறது. "கைப்பிடியத் தொட்டா அது என் கை மாதிரியே இல்ல டாக்டர்" என்றார்.

பயம்தான் என்று முடிவு செய்தேன். மேனேஜரோ பஞ்சு எப்போது வருவார், எப்போது வருவார் என்று ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். அதனால் சாதாரணச் சத்து மாத்திரைகளைப் பழுப்பு நிறப் புட்டியில் போட்டு, நரம்புக்கான புது மருந்து, உங்களுக்கென்றே வரவழைத்தேன், வேலைக்குக் கிளம்பும்போது ஒன்று போட்டுக்கொள்ளுங்கள் என்று கொடுத்தேன். சில நாளிலேயே நடுக்கம் நின்றது. இப்போது வேலைக்குப் போகிறார். கூண்டு மறுபடியும் பஞ்சாக இறங்குகிறது.

நான் சொன்னது பொய். ஆனால் பலித்துவிட்டது. தத்துவம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன் நீ. பலித்த பொய்க்கு என்ன பெயர்?

உன் தங்கை


பிப்ரவரி 2

அன்புத் தங்கச்சிக்கு,

பாப்பாவின் சளி போயிருக்கும் என்று நம்புகிறேன். அம்மாவை எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். நிறைய நடங்கள் என்றார். நேற்றுப் பிறந்த பையனுக்கு என்ன தெரியும் என்று எண்ணெய்ப் புட்டியைத் திறந்துவிட்டாள். நானும் உன் அண்ணியும் தேவலை.

உன் கடிதத்தை வகுப்புக்கே கொண்டுபோய்விட்டேன். ஊர் பெயர் சொல்லவில்லை, பயப்படாதே. இந்தப் பருவத்தில் நான் நடத்துவது நடைமுறைவாதம். ஒரு கருத்து உண்மையா பொய்யா என்று ஆகாயத்தைப் பார்த்து வாதாடிக்கொண்டிருக்காதே, அதை நம்பி நடந்தால் வாழ்க்கையில் என்ன மாறுகிறது என்று பார். ஒன்றும் மாறவில்லை என்றால் அந்த வாதம் வெறும் வாய்ச்சண்டை. நம்பி நடந்தவனை எது கைவிடவில்லையோ அதற்குத்தான் உண்மை என்று பெயர். இதைப் பல வருஷமாகச் சொல்லி வருகிறேன், ஆனால் கைக்கு அடக்கமாக ஓர் உதாரணம் கிடைத்ததில்லை. நீ கொடுத்தாய். உன் மாத்திரை பஞ்சுவைக் கைவிட்டதா? இல்லையே. பிறகு ஏன் அதைப் பொய் என்கிறாய்?

கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "யாருக்குப் பலிக்கணும் சார்? மாத்திரை சாப்பிடறவருக்கா, கூண்டுல போறவங்களுக்கா?" என்றாள். நல்லவேளை, மணி அடித்துவிட்டது.

இன்னொன்று சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும். நம்பிக்கை என்பது வாயால் சொல்வது இல்லை. எதன்மேல் துணிந்து காலை வைக்கிறோமோ அதைத்தான் நம்புகிறோம். பாலம் உறுதியானது என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு ஆற்றை நீந்திக் கடப்பவன் பாலத்தை நம்பவில்லை. பஞ்சு தினமும் கைப்பிடியைத் தொடுகிறார் அல்லவா, அதுதான் நம்பிக்கை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பாப்பாவுக்கு முத்தம்.

அண்ணன்


மார்ச் 11

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் சௌக்கியம். அங்கேயும் அப்படித்தானே? அம்மா நடக்கிறாளா, இல்லை நடந்ததாகச் சொல்கிறாளா?

உன் கடிதம் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. சந்தேகம் வரும்போது எடுத்துப் படித்தால் தெம்பாக இருக்கிறது. என்ன சந்தேகம் என்று கேட்காதே. டாக்டருக்குச் சந்தேகத்துக்கா பஞ்சம்.

பஞ்சு நன்றாக இருக்கிறார். வழியில் பார்த்தால் கும்பிடுகிறார், எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது. அவர் மனைவி தையல்கடை வைத்திருக்கிறாள். பாப்பாவுக்குத் துணி தைக்கக் கொடுக்கப் போனபோது, "நல்லாத்தான் இருக்காரு டாக்டரம்மா. சில நேரம் தண்ணி டம்ளரைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறாரு. கூப்பிட்டாக் கேக்கறதில்ல. அப்புறம் ஒண்ணும் நடக்காத மாதிரி குடிக்கிறாரு" என்று சொல்லிச் சிரித்தாள். வீட்டுக்குள் வந்தால் எந்த ஆண்பிள்ளைக்குக் காது கேட்கிறது என்று நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

வேறென்ன. இவருக்கு இப்போது சுரங்கத்தில் இரவு ஷிப்ட். பகலெல்லாம் தூக்கம். பாப்பாவைச் சத்தம் போடாமல் வைத்துக்கொள்வதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிடுகிறது.

அண்ணியை எழுதச் சொல்.

உன் தங்கை


ஏப்ரல் 3

அன்புத் தங்கச்சிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் நீ கிண்டல் செய்வாய். ஆனாலும் அதுதான் விஷயம்.

ஒரு சந்தோஷச் செய்தி. அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைப்பு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, உன் மாத்திரைதான். எனக்குக் கொஞ்சம் விவரம் தேவை. முதல் நாள் அவர் என்ன சொன்னார், எப்போது மாற்றம் தெரிந்தது, இதெல்லாம். அந்த டம்ளர் சங்கதியும் சுவையாக இருக்கிறது. அது அடிக்கடி நடக்கிறதா?

மாப்பிள்ளை ஏன் இரவு வேலைக்குப் போனார்? ராத்திரி ஷிப்ட் மட்டும் பார்க்கமாட்டேன் என்று சொல்லித்தானே உன்னைப் பெண் கேட்டார். அம்மா அதைத்தான் பெரிய தகுதியாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

அண்ணன்


ஏப்ரல் 28

அண்ணா,

சுகம். நீங்களும் சுகம் என்று நினைக்கிறேன்.

பஞ்சுவைப் பற்றிக் கட்டுரையில் எழுத வேண்டாம். எனக்கு விருப்பமில்லை. வேறு உதாரணம் உனக்குக் கிடைக்காமலா போகும்?

வெயில் கொளுத்துகிறது. ஆஸ்பத்திரியில் தண்ணீர்த் தட்டுப்பாடு. அம்மாவுக்குக் கால்வலி குறைந்ததா?

தங்கை


மே 10

தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அம்மா இப்போது தெருமுனை வரை நடக்கிறாள்.

உன் கடிதத்தைப் பார்த்து எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கட்டுரை முக்கால்வாசி முடிந்துவிட்டது. உன் அண்ணியிடம் பொருமினேன். அவள் நீ எழுதிய கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, கண்ணாடி போட்டு, ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இந்தப் பஞ்சுங்கறவரு பகல் ஷிப்டா, ராத்திரி ஷிப்டா?"

எனக்குத் தெரியாது என்றேன். "தங்கச்சி எதையும் விடாம எழுதறவ. நீங்க கேட்ட டம்ளருக்கும் பதில் இல்ல, மாப்பிள்ளை ஷிப்டுக்கும் பதில் இல்ல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவள் நினைப்பதை நான் நினைக்க விரும்பவில்லை. ஒரு வரி எழுது, போதும். பஞ்சு எந்த ஷிப்ட்?

அண்ணன்


ஜூன் 6

தங்கச்சி,

உனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? என் கடிதம் கிடைத்ததா? மனம் கேட்காமல் உங்கள் ஆபீசுக்குப் போன் செய்தேன். மாப்பிள்ளை வந்து பேசினார். நீ தலைவலி என்று படுத்திருப்பதாகச் சொன்னார். குரலில் ஒரு கள்ளமும் இல்லை. அவருக்கு எதுவும் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நானும் எதையும் கேட்கவில்லை.

பேச்சோடு பேச்சாக, பஞ்சு எப்படியிருக்கிறார் என்றேன். "அவருக்கென்ன மச்சான், பகல் முழுக்க அவர் ராஜ்யம்தான்" என்றார்.

கட்டுரையை வாசித்துவிட்டேன். நீ வேண்டாம் என்ற பிறகும் வாசித்தேன். கை தட்டினார்கள். நான் எழுதிய அந்தப் பாலத்தைப் பற்றிய வாக்கியம்தான் மனதில் திரும்பத் திரும்ப வந்தது. நீ உன் புருஷனை நீந்திப் போகச் சொல்லியிருக்கிறாய். மற்றவர்களைப் பாலத்தில் அனுப்பிக்கொண்டிருக்கிறாய்.

நான் சொன்ன தத்துவத்தில் சாய்ந்துகொண்டு நீ இதைச் செய்கிறாய் என்றால், அதற்காக நான் அதைச் சொல்லவில்லை. பதில் வராவிட்டால் மேனேஜருக்கு நானே எழுதுவேன். உன் வேலை போகும், பட்டமும் போகலாம். தெரிந்துதான் சொல்கிறேன்.

அண்ணன்


ஜூன் 21

அன்புள்ள அண்ணா,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். என் நலத்தைப் பிறகு சொல்கிறேன்.

அண்ணி நினைத்தது சரி. தையல்கடையில் சிரித்துவிட்டு வந்தேனே, வீடு வந்து சேர்வதற்குள் சிரிப்பு போய்விட்டது. நெற்றிப்பொட்டில் அடிபட்டவர், கையில் டம்ளரோடு நின்றுவிடுகிறார், கூப்பிட்டால் கேட்பதில்லை. படித்த எந்த டாக்டருக்கும் அது என்னவென்று தெரியும். கை கால் வெட்டி இழுக்காமல், கீழே விழாமல், சும்மா நின்றபடி வந்து போகிற வலிப்பு அது. அவருக்கே தெரியாது. இருக்கலாம் என்றுதான் நினைத்தேன், நிச்சயமில்லை. நிச்சயம் செய்ய நகரத்துக்கு அனுப்பி மூளையைச் சோதிக்க வேண்டும். மேனேஜரிடம் போனேன். "சோதனைன்னு அனுப்பிட்டா அவர் திரும்பி வரமாட்டார் டாக்டர். பகல் ஷிப்டை மூடணும். எத்தனை வீட்டுல அடுப்பு அணையும்னு யோசிச்சிட்டுச் சொல்லுங்க. ஓடிக்கிட்டிருக்கறதை ஏன் நிறுத்தறீங்க?" என்றார்.

ஓடிக்கொண்டுதான் இருந்தது. தினமும் கூண்டு பத்திரமாக இறங்கியது, ஏறியது. நான் வந்து உன் கடிதத்தை எடுத்துப் படித்தேன். கைவிடாதது எதுவோ அதுவே உண்மை. மருந்துச்சீட்டைப் போல அதை வைத்துக்கொண்டேன். ஆனால் அன்று மாலையே இவரிடம், வெயில் காலத்தில் பகலில் கீழே இறங்கினால் உங்கள் ரத்த அழுத்தத்துக்கு ஆகாது, இரவுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். டாக்டர் சொன்னால் சரி என்று மாறினார். கடிதத்தைப் படித்ததும் நான்தான், அதைச் சொன்னதும் நான்தான்.

உன் கடைசிக் கடிதம் கிடைத்த மறுநாள் காலையில் சுரங்க வாசலுக்குப் போனேன். பகல் ஷிப்ட் ஆட்கள் கூண்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கீழே இருக்கிற முதலுதவிப் பெட்டிகளை நான் போய்ப் பார்த்திருக்க வேண்டும். கோடை முழுவதும் ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டு வந்தேன். இன்றைக்குப் போய்விடலாம், போனால் எனக்கே ஒரு பதில் கிடைக்கும் என்று நினைத்தேன். பாறையில் துளை போடுகிற பெரியவர் ஒருவர் நகர்ந்து நின்று, "வாங்க டாக்டர், இடம் இருக்கு" என்றார்.

காலைத் தூக்கினேன் அண்ணா. வைக்க முடியவில்லை. வாசல் இரும்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெரியவர் என்னைத் தேற்றுவதற்காக, "பயப்படாதீங்கம்மா, நம்ம பஞ்சுதான் ஓட்டறாரு" என்றார்.

"எல்லாரும் இறங்குங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் தரம் சொன்னேன். மணி அடிப்பவரிடம், நான் வந்து சொல்லும்வரை கூண்டை விடக் கூடாது என்று சொல்லிவிட்டு இயந்திர அறைக்கு நடந்தேன்.

பஞ்சு கைப்பிடிமேல் கை வைத்துக்கொண்டு மணிக்காகக் காத்திருந்தார். எழுந்து வரச் சொன்னேன். வந்தார். நான் கொடுத்தது மருந்தே இல்லை, வெறும் சத்து மாத்திரை என்றேன்.

"தெரியும் டாக்டர்" என்றார். "எங்க வீட்டுல ரெண்டாவது உண்டாகியிருந்தப்ப நீங்கதானே குடுத்தீங்க. அதே ரோஸ் கலரு."

"தெரிஞ்சுமா சாப்பிட்டீங்க?"

"டாக்டர் வெறும் சத்து மாத்திரையக் குடுத்து அனுப்பறாங்கன்னா, எனக்கு ஒண்ணுமில்லன்னு அவங்களுக்கு நிச்சயமாத் தெரிஞ்சிருக்குன்னு நெனச்சேன். அந்தத் தைரியத்துலதான் கைப்பிடியத் தொட்டேன்." கையைத் துடைத்துக்கொண்டே, "உங்க வீட்டு சார் ராத்திரிக்கு மாறினப்பகூட நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல" என்றார்.

"நெனச்சிருக்கணும்" என்றேன்.

அவர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அன்றே எல்லாவற்றையும் எழுதி மருத்துவக் கவுன்சிலுக்கும் மேனேஜருக்கும் அனுப்பினேன். இவரிடமும் சொல்லிவிட்டேன். பஞ்சுவும் அவர் மனைவியும் சோதனைக்கு உன் ஊருக்கு வருகிறார்கள். தங்க இடமில்லை. கேட்க எனக்கு முகமில்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

உன் தங்கை


ஆகஸ்டு 2

அன்புத் தங்கச்சிக்கு,

நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று அம்மா கேட்கிறாள். நானும்தான் கேட்கிறேன்.

பஞ்சுவும் அவர் மனைவியும் நம் வீட்டில்தான் இருந்தார்கள். உன் சந்தேகம் சரி. அடிபட்ட இடத்திலிருந்து வருகிற வலிப்புதான் என்று சோதனையில் தெளிவாகத் தெரிந்துவிட்டது. நிஜ மருந்து கொடுத்திருக்கிறார்கள், கேட்கும் என்கிறார்கள். ஆனால் இனி எந்த இயந்திரத்தின் முன்னும் அவர் உட்காரக் கூடாது. ஓட்டும்போது எனக்கு வந்திருக்குமா என்று பஞ்சு கேட்டார். வராமல் இருந்திருக்க வழியில்லை என்றார் டாக்டர், இறங்குகிற நேரமாகப் பார்த்து வரவில்லை, அவ்வளவுதான். அன்று பஞ்சு சாப்பிடவில்லை.

அந்த வலிப்பை நான் கண்ணால் பார்த்தேன். அம்மாவால் மாடி ஏற முடியாதே என்று, பஞ்சு காய்ந்த துணியைக் கூடையில் போட்டுக் கயிறு கட்டி மொட்டைமாடியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். எனக்கு இதுதானேம்மா தொழில் என்று சிரித்துக்கொண்டே இறக்கினார். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. கயிறு கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. கூடை அம்மாவின் காலடியில் வந்து விழுந்தது. நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்த்து, "கூடை எங்க சார்?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் நேரம். பத்து எண்ணி முடிக்கிற நேரம்கூட இருக்காது. அதற்குள் உங்கள் கூண்டு எங்கே போயிருக்கும் என்று நான் யோசிக்காத நாளில்லை.

கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கவில்லை, திரும்ப வாங்கிக்கொண்டேன். அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்ணைக் கூப்பிட்டு, நீ கேட்ட அன்று மணி என்னைக் காப்பாற்றியது, இன்றைக்குப் பதில் சொல்கிறேன் என்றேன். பலனைப் பார் என்ற தத்துவம் தப்பில்லை. நாம்தான் நமக்குச் சௌகரியமான இடம்வரை பார்த்துவிட்டு, பலன் நன்றாக இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டோம். நாம் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன்.

விசாரணை எப்போது? என்ன கேட்டார்கள் என்று மறைக்காமல் எழுது. மாப்பிள்ளை எப்படியிருக்கிறார்?

அண்ணன்


அக்டோபர் 15

அன்புள்ள அண்ணா,

நான் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல். தூக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

பகல் ஷிப்ட் நின்றுவிட்டது. மேனேஜர் சொன்னது பொய்யில்லை, அடுப்புகள் அணையத்தான் அணைந்தன. எங்கள் வரிசையில் பாதி வீடுகளில் பூட்டுத் தொங்குகிறது. குழாயடியில் நான் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. சிலர் கூண்டை நிறுத்தினதற்காகக் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள், சிலர் முன்பே நிறுத்தாததற்காக. இரண்டு கோபமும் நியாயம்தான். போன வாரம் புது ஆள் ஒருவர் வந்திருக்கிறார், மெல்ல மெல்லத் திறப்பார்கள் என்கிறார்கள். பஞ்சுவுக்கு, கீழே இறங்குகிறவர்களுக்கு விளக்கு கொடுக்கிற அறையில் வேலை போட்டிருக்கிறார்கள். அவர் என்னைப் பார்த்தால் இன்னும் கும்பிடுகிறார். அவர் மனைவி மட்டும், பாப்பாவின் துணியைத் தைக்காமலே திருப்பி அனுப்பிவிட்டாள்.

இவரைக் கேட்டிருந்தாய். ஜூனில் நான் சொன்னபோது முழுவதும் கேட்டார். "என்னோட பகல்ல வேலை பாத்தவங்க எல்லாம் அதுலதான் போனாங்க. அவங்க வீட்டுல டாக்டர் இல்ல. அவ்வளவுதானே?" என்றார். அதன் பிறகு பாப்பா மூலமாகத்தான் பேச்சு. என் உயிரைக் காப்பாற்றினாயே என்று எந்த மனிதராலும் சொல்ல முடியாத மாதிரி ஒரு காரியத்தை நான் செய்து வைத்திருக்கிறேன். ஆனால் விசாரணைக்குக் கூட வந்தார். வெளியே பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்தார்.

தீர்ப்பு வந்துவிட்டது. ஓராண்டு வைத்தியம் பார்க்கக் கூடாது. பாப்பாவோடு அங்கே வந்து இருக்கலாமா என்று கேட்க நினைத்தேன். இவரிடம் சொன்னபோது, நேரடியாக என் முகத்தைப் பார்த்து, "இங்கயே இரு. எல்லாரும் பாக்கற இடத்துல இரு" என்றார். கோபமா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. இருக்கிறேன்.

என்ன கேட்டார்கள் என்று மறைக்காமல் எழுதச் சொன்னாய். மாத்திரை, புட்டி, மேனேஜர், ஷிப்ட் மாற்றம், எல்லாம் கேட்டார்கள், எல்லாம் சொன்னேன். முடிகிற நேரத்தில், அதுவரை வாயே திறக்காமல் இருந்த வயதான டாக்டர் ஒருவர் காகிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, "எல்லாம் சரிம்மா. அந்த மாத்திரை வேலை செஞ்சுதா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்றார்.

"செஞ்சுது சார்" என்றேன்.

"அவருக்கா?"

"இல்ல சார். எனக்கு."

உன் தங்கை